பத்து நிமிடப் போர்க்களம்

ஒருவன் எத்தகையவன் என்பதை அவன் பேச்சைக் கொண்டு அறிதல் அரிது. ஆனால் அவன் விளையாடும்போது அருகிலிருந்து நோக்கினால் அவன் இயல்பு எளிதில் விளங்கிவிடும். வெற்றி வரும்போது தருக்குகின்றானா, தோல்வி வரும்போது தோழரைப் பழிக்கின்றானா, களத்தைவிட்டு ஓடுகின்றானா என்பவற்றை விளையாட்டு மறையாது காட்டிவிடும். கபடிக் களத்தில் ஒருவன் புள்ளி எடுத்தால், முன்னரே வெளியேறிய அவனுடைய தோழன் மீண்டும் உள்ளே வருகின்றான். ஒருவன் பெற்ற வெற்றி மற்றொருவனுக்கு உயிராகின்றது. குழு விளையாட்டுகளின் பெருமை இதுவேயாகும்.

இக்காலத்தில் புழுதியும் புல்லும் இல்லாத களங்களும் தோன்றியுள்ளன. கைப்பேசியின் சிறு திரையிலும் கணினியின் திரையிலும் அக்களங்கள் விரிகின்றன. ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத பதின்மர், இணையத்தின் வழியே ஒரே களத்தில் கூடி, ஐவர் ஐவராகப் பிரிந்து பொருதுகின்றனர். இவ்வகை ஆட்டங்களை இணையப் போர்க்கள ஆட்டங்கள் எனலாம். இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவாரும் உளர். இவையே வாழ்வென்று மயங்குவாரும் உளர். இரு சாராரும் இவற்றை நன்கு அறிந்தவராகார். இவற்றின் அமைப்பு யாது, இவை கேட்கும் பண்பு யாது, இவற்றில் அடங்கிய இடர் யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

இவ்வின ஆட்டங்கள் பிறந்த வரலாறு சுவையானது. 1998-ஆம் ஆண்டில் 'ஸ்டார்கிராஃப்ட்' என்னும் கணினி ஆட்டம் அமெரிக்காவில் வெளிவந்தது. அவ்வாட்டத்தை வாங்கியோர், அதனுள்ளேயே தமக்கு வேண்டிய களங்களைத் தாமே வரைந்துகொள்ளலாம். அவ்வாறு ஆர்வலர் ஒருவர் வரைந்த 'ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப்' என்னும் களமே இவ்வினத்தின் வித்து. பின்னர் 2002-இல் வெளிவந்த 'வார்கிராஃப்ட் 3' என்னும் ஆட்டத்தில், 2003-ஆம் ஆண்டில், 'டிஃபென்ஸ் ஆஃப் தி ஏன்ஷியண்ட்ஸ்' என்னும் களம் தோன்றியது. இதனைச் சுருக்கமாக 'டோட்டா' என்பர். ஊதியம் கருதாத ஆர்வலர் பலர், ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்கி, அதனைச் செம்மை செய்தனர். 2009-இல் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' வந்தது. 2013-இல் 'டோட்டா 2' வந்தது. விளையாட விரும்பியோர் தமக்கென ஆக்கிக்கொண்ட ஒரு களம், பின்னாளில் உலகளாவிய போட்டிகளுக்குத் தாயாயிற்று. 2023-ஆம் ஆண்டு சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் முதன்முறையாக மின்விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அவற்றுள் இவ்வின ஆட்டங்களும் இடம்பெற்றன.

முன்னைய ஆட்டங்களில் ஓர் ஆட்டம் முடிய அரை மணிக்கு மேலும் ஆகும். ஆடுவோர் யாவரும் கணினியின் முன் அமர்ந்திருத்தலும் வேண்டும். இவ்விரண்டையும் மாற்றியமைத்த ஆட்டங்களுள் ஒன்று 'போகிமான் யுனைட்'. போகிமான் என்பன 1996-ஆம் ஆண்டில் ஜப்பானில் சதோஷி தஜிரி என்பவர் உருவாக்கிய ஆட்டத்தில் தோன்றிய கற்பனை உயிரினங்கள். அவற்றைக் கொண்டு இப்போர்க்கள ஆட்டத்தைச் சீனத்து டிமி என்னும் ஆக்கக்கூடம் அமைத்தது. அது 2021 சூலைத் திங்களில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் விளையாட்டுக் கருவியிலும், அதே ஆண்டு செப்டம்பரில் கைப்பேசிகளிலும் வெளிவந்தது. ஆட்டத்தின் காலம் பத்தே நிமிடம்.

கருவி வேறாயினும் களம் ஒன்றே என்பது இவ்வாட்டத்தின் சிறப்பியல்பு. பொத்தான்களை அழுத்தி ஆடுபவனும், கண்ணாடித் திரையைத் தொட்டு ஆடுபவனும் ஒரே அணியில் நிற்கலாம். இஃது எவ்வாறு இயலுகின்றது? ஆட்டம் உண்மையில் ஆடுவோர் கருவிகளுள் நிகழ்வதன்று. தொலைவில் உள்ள மையக் கணினி ஒன்று, களம் முழுவதையும் தன்னுள் வைத்துக்கொண்டிருக்கிறது. 'சர்வர்' என்று வழங்குவது இதனையே. பதின்மர் கருவிகளும், 'வலப்பக்கம் செல்க', 'இப்போது தாக்குக' என்பன போன்ற குறிப்புகளை மட்டும் அதற்கு அனுப்புகின்றன. மையக் கணினி அவற்றையெல்லாம் ஆராய்ந்து, யார் எங்கே நிற்கின்றார், யார் அடி யார்மீது பட்டது என்று முடிவு செய்து, அம்முடிவைப் பதின்மருக்கும் ஒருங்கே தெரிவிக்கின்றது. நடுநிலை தவறாத ஆட்டநடுவர் ஒருவர் போல அது விளங்குகின்றது.

குறிப்பு சென்று முடிவு மீளச் சிறிது காலம் ஆகும். கண்ணாடி இழையினுள் ஒளி, வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். மையக் கணினி 5,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பின், சென்று மீளும் வழி 10,000 கிலோமீட்டர். அதனைக் கடக்க ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு வேண்டும். இடைவழியில் உள்ள கருவிகளால் அக்காலம் மேலும் நீளும். நமக்குக் கண்ணிமைப்பாகத் தோன்றும் இக்காலத்தாழ்வு, விரைவான ஆட்டத்தில் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே நிற்பதுண்டு.

இனி, களத்தின் அமைப்பைக் காண்போம். 2021-இல் ஆட்டம் வெளிவந்தபோது இருந்த முதற்களத்தையே இங்குக் கொள்வோம். களத்தின் ஒரு கோடியில் ஊதா அணியும், மறு கோடியில் செம்மஞ்சள் அணியும் நிற்கும். இடையே மேல்வழி, கீழ்வழி என இரு வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியிலும் அணிக்கு இரண்டாக இலக்கு வளையங்கள் அமைந்திருக்கும். இவற்றுக்குப் பின்னே இறுதி வளையம் ஒன்று இருக்கும். வழியிலே திரியும் காட்டுப் போகிமான்களை வீழ்த்தினால் ஆற்றல் உருண்டைகள் கிடைக்கும். அவற்றைச் சுமந்து சென்று எதிரணியின் வளையத்தில் இட்டால் புள்ளிகள் சேரும். வளர்ச்சி பெற்ற போகிமான் ஒரே வேளையில் ஐம்பது வரை சுமக்கலாம். எதிரியால் வீழ்த்தப்பட்டால், சுமந்தவற்றுள் ஒரு பகுதி சிதறிப்போகும். அதனை யாரும் பொறுக்கிக்கொள்ளலாம். பத்து நிமிட முடிவில் மிகுதியான புள்ளி பெற்ற அணியே வென்றதாகும்.

எத்தனை எதிரிகளை வீழ்த்தினோம் என்பது வெற்றியை முடிவு செய்வதில்லை என்பதை இங்கு ஊன்றி நோக்குதல் வேண்டும். எதிரிகளைத் துரத்தித் துரத்தி வீழ்த்திவிட்டு, வளையத்தில் ஓர் உருண்டையும் இடாத வீரனால் அணிக்கு ஆவதொன்றில்லை. மற்றும் ஓர் அருமையான விதி உண்டு. ஆட்டம் நடக்கும்போது இரு அணிகளின் புள்ளிக் கணக்கும் எண்ணாகக் காட்டப்படுவதில்லை. முன்னிலையில் உள்ளோமா, பின்தங்கினோமா என்பதை அறிவிப்பாளர் குரல் குறிப்பாக உணர்த்தும், அவ்வளவே. ஆதலால் வென்றுவிட்டோம் என்று சோம்பி இருக்கவும் இயலாது. தோற்றுவிட்டோம் என்று கைவிடுதலும் அறிவுடைமையாகாது.

ஐவருக்கும் ஐந்து வகைப் பணிகள் வகுக்கப்பட்டுள்ளன. தொலைவில் நின்று தாக்குவோர் ஒருவகையினர், பிக்காச்சு அவ்வகையது. விரைந்து பாய்ந்து மீள்வோர் மற்றொரு வகையினர். டேலன்ஃபிளேம் என்னும் பறவை அத்தகையது. தாக்குதலும் தாங்குதலும் ஒத்தவர் மூன்றாம் வகையினர். சாரிஸார்டு அதற்கு எடுத்துக்காட்டு. முன்னே நின்று அடிகளைத் தம் உடம்பில் ஏற்பவர் நான்காம் வகையினர். பருவுடல் கொண்ட ஸ்நார்லாக்ஸ் அவ்வாறு நிற்கும். தோழரின் காயம் ஆற்றித் துணைபுரிவோர் ஐந்தாம் வகையினர்; பஞ்சுப் பூப்போன்ற எல்டகாஸ் அத்தொண்டினைச் செய்யும்.

தொடக்கநிலையில் உள்ள சிறுவர் பலரும் முதல் மூவருள் ஒருவராகவே இருக்க விரும்புவர். காப்பவராகவும் துணைவராகவும் இருத்தற்கு முன்வருவோர் சிலரே. ஆனால் காப்பவரும் துணைவரும் இல்லாத அணி நெடிது நிற்பதில்லை. துணைவர் கைக்கொள்ளும் பொருள்களுள் ஒன்று, தாம் பெறவேண்டிய அனுபவப் பங்கினை அருகிலுள்ள தோழருக்கு விட்டுக்கொடுக்க உதவுகின்றது. தாம் மெல்ல வளர்ந்தாலும் தோழர் விரைந்து வளர்க என்பது அதன் கருத்து. மேலும், எதிரணியின் வளையத்தில் ஒருவன் உருண்டைகளை இடும்போது, தோழரும் அவ்வளையத்தினுள் உடன் நின்றால் அவ்வேலை விரைந்து முடியும். உடன் நிற்பதும் ஓர் உதவியே என்னும் உண்மையை ஆட்டத்தின் விதியே கற்பிக்கின்றது.

ஓர் ஆட்டத்தை மனக்கண்ணில் காண்போம். எட்டு நிமிடங்கள் கழிந்துவிட்டன. அறிவிப்பாளர் குரல், ஊதா அணி பின்தங்கியுள்ளது என்று குறிப்பாக உணர்த்துகின்றது. கடைசி இரண்டு நிமிடங்களில் இடப்படும் புள்ளிகள் இருமடங்காகும். அந்நேரத்தில் களத்தின் நடுவே ஸாப்டாஸ் என்னும் மின்னற்பறவை இறங்குகின்றது. அதற்கு இறுதி அடி கொடுக்கும் அணி, எதிரணியின் வளையங்களில் சிறிது நேரம் தடையின்றிப் புள்ளியிடலாம். இழந்ததை மீட்க இதுவே வாய்ப்பு.

ஊதா அணியில் சாரிஸார்டாக ஆடும் இளைஞன் ஐம்பது உருண்டைகளைச் சுமந்து நிற்கின்றான். அவற்றை இப்போது இட்டால் நூறு புள்ளி! 'நான் ஒருவனே அணியை மீட்பேன்' என்று எண்ணி, தோழர் நால்வரையும் நடுக்களத்தில் விட்டு, எதிரணி வளையத்தை நோக்கித் தனியே பறக்கின்றான். சுமை மிகுந்தால் அதனை இடுதற்கு ஆகும் காலமும் மிகும். அவன் இடத் தொடங்கிய வேளையில், புதர்மறைவில் இருந்த எதிரி ஒருவன் தாக்குகின்றான். அடி பட்டவுடன் இடுதல் தடைப்படுகின்றது. மீண்டும் முயல்கின்றான், மீண்டும் தடை. இறுதியில் வீழ்கின்றான், உருண்டைகள் சிதறுகின்றன. நடுக்களத்தில் நால்வர் நின்று போராடியும் ஐந்தாமவன் இன்மையால் மின்னற்பறவை எதிரணி வசமாகின்றது. ஆட்டம் முடிகின்றது.

அவன் திறமை குறைந்தவனா? அல்லன். அணியில் மிகுதியான எதிரிகளை வீழ்த்தியவன் அவனே. எனினும் அணி தோற்றது. அவன் சற்றே பொறுத்து, ஸ்நார்லாக்ஸ் எதிரிகளைத் தடுக்க, எல்டகாஸ் காயம் ஆற்ற, ஐவரும் ஒருங்கே நின்று பறவையை வீழ்த்தியபின் வளையத்திற்குச் சென்றிருந்தால், அதே ஐம்பது உருண்டைகள் அதே நூறு புள்ளிகளாகி வெற்றியைத் தந்திருக்கும். ஆற்றல் ஒன்றே, காலமும் துணையும் அறியாது செலவிட்டதால் அது வீணாயிற்று.

தோல்வியினும் கொடியது ஒன்று உண்டு. பின்தங்கியவுடன் ஆட்டத்தை இடையில் விட்டு நீங்குவோர் உளர். களத்தின் ஓரத்தில் அசையாது நிற்போரும் உளர். அவ்வாறு செய்வோரின் நேர்மைப் புள்ளிகளை ஆட்டம் குறைக்கின்றது. அவை மிகக் குறைந்தால் அவர்கள் தரவரிசைப் போட்டிகளில் கலந்துகொள்ள இயலாது. திரைக்கு அப்பால் இருப்பவர் நம் கண்ணுக்குப் புலப்படாதவர். ஆயினும் அவர் நம்மை நம்பித் தம் பத்து நிமிடத்தைக் கொடுத்தவர். முகம் தெரியாத தோழனையும் கைவிடாதிருத்தலே உண்மையான நேர்மை. அவனைக் கடுஞ்சொல்லால் புண்படுத்தாதிருத்தலும் அத்தகையதே.

தோழமையின் வலிமைக்கு, 'டோட்டா 2' ஆட்டத்தின் வரலாற்றில் நிகழ்ந்த ஒரு சான்று உண்டு. ஐரோப்பாவில் 'ஓஜி' என்னும் அணி இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த யொஹான் சன்ஸ்டைன் அதன் தலைவர். 2018-ஆம் ஆண்டின் உலகப் பெரும்போட்டிக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், அவருடைய நெடுநாள் தோழர் உட்படச் சிலர் அணியைவிட்டு நீங்கினர். எஞ்சியோர் கலங்கவில்லை. பயிற்சியாளராக இருந்த பிரான்சு நாட்டுச் செபஸ்தியான் டெப்ஸ் தாமே ஆட முன்வந்தார். பெருமேடைகளில் ஆடிப் பழகாத பின்லாந்து இளைஞர் டோபியாஸ் டாவிட்சைனென் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆட்டத்திலிருந்து ஓய்ந்திருந்த ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் மீண்டும் வந்தார். நேரடி அழைப்பு இல்லாமையால், யாவரும் கலந்துகொள்ளும் தகுதிச்சுற்றிலிருந்தே அவர்கள் தொடங்க நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த இறுதியாட்டத்தில், சீனத்து அணி ஒன்றை 3-2 என்னும் கணக்கில் அவர்கள் வென்றனர். மறு ஆண்டு ஷாங்காய் நகரிலும் வென்று, அப்பெரும்போட்டியை இருமுறை வென்ற முதல் அணி என்னும் புகழை எய்தினர். புகழ்பெற்ற தனிவீரர்களைக் கொண்ட அணிகள் பல அங்கே இருந்தன. ஒருவரையொருவர் பழிக்காது நம்பி நின்ற அணி முடிசூடியது.

இவ்வாட்டங்களின் நலன்களைக் கூறி இடர்களைக் கூறாது விடுதல் முறையன்று. முதல் இடர் காலத்தைப் பற்றியது. ஓர் ஆட்டம் பத்து நிமிடமே. அதுவே அதன் இனிமை, அதுவே அதன் கண்ணியும் ஆகும். தோற்றவன், 'இன்னும் ஒரே ஓர் ஆட்டம். வென்றுவிட்டு எழுவேன்' என்பான். வென்றவன், 'கை வந்துவிட்டது. இன்னும் ஓர் ஆட்டம்' என்பான். ஆறு ஆட்டங்கள் ஒரு மணி நேரம். நாள்தோறும் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடுபவன், ஒரு திங்களில் அறுபது மணி நேரத்தைச் செலவிட்டவனாவான். உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப்பட்டியலில் விளையாட்டு மிகுதியால் வரும் நோயினைச் சேர்த்தது. அப்பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்தை நிறுத்த இயலாமை, பிற கடமைகளினும் ஆட்டத்தையே பெரிதாகக் கருதுதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் என்பன அதன் அடையாளங்கள். விளையாடுவோர் யாவரும் நோயாளர் அல்லர். ஆயினும் இவ்வடையாளங்களைத் தம்மிடத்தே தேடிப் பார்த்தல் ஒவ்வொருவருக்கும் கடனாகும்.

இரண்டாம் இடர் பொருளைப் பற்றியது. இவ்வாட்டம் விலையின்றிக் கிடைக்கின்றது. ஆனால் அதனுள்ளே விற்பனைப் பொருள்கள் நிறைந்துள்ளன. 2021-இல் இது வெளிவந்தபோது, பணம் செலவிட்டால் போகிமான் ஏந்தும் பொருள்களின் வலிமையை விரைந்து உயர்த்தலாம் என்னும் ஏற்பாடு இருந்தது. திறமையின் களத்தில் பணத்திற்கு இடமளிக்கலாமா என்று ஆடுவோர் பலர் அதனைக் கண்டித்தனர். விலையில்லாப் பொருள் என்று எண்ணிப் புகுந்து, பெற்றோர் உழைத்து ஈட்டிய பொருளை அவர் அறியாது செலவிடுதல் பெரும்பிழை. அது களத்தில் பெறும் எவ்வெற்றியாலும் ஈடு செய்ய இயலாதது.

காலமும் துணையும் அறிந்தவனே பத்து நிமிடக் களத்தில் வெல்கின்றான் என்று கண்டோம். அவ்விரண்டும் திரைக்கு வெளியேயும் உள்ளன. அங்கும் காலம் ஓடுகின்றது. அங்கும் நம்மை நம்பி நிற்கும் தோழர் உளர். நோயுற்ற தாய்க்கு நீர் கொடுக்க எழாத கை, களத்தில் தோழரைக் காப்பதால் என்ன பயன்? தேர்வுக்கு உரிய நேரத்தைத் தோற்றவன், திரையில் பெற்ற வெற்றியை எங்கே சேமித்து வைப்பான்?

ஆதலின் மாணவர்களே, விளையாடுங்கள். விளையாடும்போது துணைவராக நிற்கவும் கற்றுக்கொள்ளுங்கள்; தோல்வி உறுதியெனத் தோன்றினும் இறுதி வினாடி வரை தோழருடன் நில்லுங்கள். ஆட்டம் முடிந்தவுடன் கருவியைக் கீழே வைக்கும் உறுதியையும் பெறுங்கள். அவ்வாட்டத்தில் புள்ளிக் கணக்கு முடிவில்தான் வெளிப்படுகின்றது. நம் வாழ்வின் கணக்கும் அத்தகையதே. அது வெளிப்படும் நாளில் நாணாது நிமிர்ந்து நிற்கும் வகையில் ஒவ்வொரு பத்து நிமிடத்தையும் செலவிடுவோமாக.

வினாக்கள்

1. இணையப் போர்க்கள ஆட்டங்கள் தோன்றிய வரலாற்றைச் சுருக்கி வரைக.
2. வெவ்வேறு கருவிகளில் ஆடுவோர் ஒரே களத்தில் கூடுதல் எவ்வாறு இயலுகின்றது?
3. சாரிஸார்டாக ஆடிய இளைஞன் செய்த பிழை யாது? அவன் செய்திருக்க வேண்டுவது யாது?
4. ஓஜி அணியின் வெற்றியிலிருந்து நீவிர் அறிவது யாது?
5. 'உடன் நிற்பதும் ஓர் உதவியே' என்னும் கருத்தை நும் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.